நான்கு எல்லைக்கு உட்பட்ட ரகசியம்

அவர் பெயரை நான் எழுத முடியாது. மறந்துவிட்டது என்றோ மரியாதைக்காக என்றோ நினைக்க வேண்டாம். கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஸ்டாம்ப் பேப்பரில், இரண்டு சாட்சிகளோடு, அவர் பெயரையும் தொழிலையும் சேர்த்து எங்கேயும் சொல்ல மாட்டேன் என்று. எந்தத் தெருவில் குடியிருந்தார் என்பதும் வராது. கள்ளக்குறிச்சி என்று எழுதலாமா என்று மெசேஜ் போட்டுக் கேட்டேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு, "ஊர் பெருசுதான், எழுதிக்க" என்று பதில் போட்டார். மீசை இருந்ததா இல்லையா என்று எழுதலாமா என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. அதனால் மீசையை விட்டுவிடுகிறேன்.

நான் பி.சி.ஏ. முடித்துவிட்டு, இன்டர்வியூ இன்டர்வியூவாக அலைந்து, கடைசியில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இருக்கிற மாமாவின் ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்த காலம் அது. பட்டா, வில்லங்கச் சான்று, வாடகை ஒப்பந்தம். ஒரு நாளைக்கு முப்பது தடவை 'மேற்படி' என்று அடித்தால் மனுஷிக்கு மூளை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அப்படி இருக்கும்போதுதான் அவர் உள்ளே வந்தார். நாற்பது வயதிருக்கும். கையில் ஒரு துணிப்பை. பையை மேஜையில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு, "கதவு மூட முடியுமாம்மா?" என்றார். ஜெராக்ஸ் கடைக்கு ஏது கதவு? ஷட்டர்தான். அதைப் பகலில் இறக்கினால் மாமாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று தெருவே கூடிவிடும்.

அவர் வேலை இதுதான். கம்பெனிகள் அவரை அழைத்து, "எங்கள் கம்ப்யூட்டருக்குள் திருடன் மாதிரி நுழைந்து பாருங்கள்" என்று அனுமதி கொடுக்கும். அவர் நுழைந்து, எங்கெங்கே ஓட்டை இருக்கிறது என்று அறிக்கை எழுதிக் கொடுப்பார். எந்த கம்பெனியிலும் சம்பளத்துக்கு இல்லை. தனி ஆள். அந்த ஓட்டைகள் வெளியே தெரிந்தால் கம்பெனி காலி. அதனால் ஒவ்வொரு வேலைக்கு முன்னாலும் 'வெளியே சொல்ல மாட்டேன்' என்று ஓர் ஒப்பந்தம். உலகமெல்லாம் இந்த ஒப்பந்தத்தை ஃபோனில் விரலால் கிறுக்கி அனுப்பிவிடுகிறார்கள். இவருக்கு அது ஒப்பாது. ஸ்டாம்ப் பேப்பர் வேண்டும், மை வேண்டும், இரண்டு சாட்சி வேண்டும். கள்ளக்குறிச்சியில் பிறந்தவருக்கு ஸ்டாம்ப் பேப்பரில் இல்லாதது எதுவும் ஒப்பந்தமே இல்லை.

சாட்சிதான் சிக்கல். சாட்சி போடுகிறவர் பேப்பரைப் பார்ப்பார். பார்த்தால் கம்பெனி பெயர் தெரிந்துவிடும். அதனால் அவர் ஒரு பழைய நியூஸ்பேப்பரை எடுத்து, கையெழுத்துப் போடுகிற இடத்துக்கு மட்டும் ஜன்னல் மாதிரி கத்தரித்து, ஒப்பந்தத்தின் மேல் போர்த்தி நீட்டுவார். எங்கள் கடையில் நிரந்தர சாட்சிகள் இரண்டு பேர். ஒருவர் பக்கத்தில் மேஜை போட்டிருந்த பத்திர எழுத்தர். இன்னொருவர் மொபைல் கவர் விற்கிற கடை பாய். பாய் ஒரு நாள் பேனாவை மூடாமலேயே கேட்டுவிட்டார்.

"சார், எதுக்கு சாட்சின்னே தெரியாம எத்தினி நாளா சாட்சி போட்டுக்கினு கீறேன். நாளைக்கு கோர்ட்ல கூப்ட்டா இன்னான்னு சொல்றது?"

"நியூஸ்பேப்பர் பாத்தேன்னு சொல்லுங்க பாய்."

சிரிக்காமல் சொன்னார். அவர் ஜோக் அடிக்கிறாரா, நிஜமாகவே சொல்கிறாரா என்று யாருக்கும் கடைசிவரை தெரியாது.

ஜெராக்ஸ் எடுக்கும்போது நான் பேப்பரைப் பார்க்கக் கூடாது. சுவரைப் பார்க்க வேண்டும். மாமாவின் கடைச் சுவரில் ஓர் உரக்கடை காலண்டர் தொங்கும். அந்த மாதங்களில் அந்தக் காலண்டரை நான் படித்த மாதிரி எந்தப் பாடப் புத்தகத்தையும் படித்ததில்லை. கரிநாள், அஷ்டமி, நவமி எல்லாம் மனப்பாடம். டைப் அடிப்பதும் நான்தானே, அப்போது பார்க்கத்தானே செய்கிறேன் என்று கேட்டேன். அப்போது விரல்தான் பார்க்கிறது, கண் பார்க்க வேண்டியதில்லை என்றார்.

பத்திர எழுத்தரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். முப்பது வருஷமாக நிலப் பத்திரம் எழுதுகிறவர். சாரின் ஆங்கில ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதித் தரச் சொன்னபோது, அவருக்குத் தெரிந்த ஒரே அச்சில்தான் வார்த்தார். 'மேற்படி ரகசியத்தை இன்று முதல் தாங்களே சர்வ சுதந்திரமாய் அனுபவித்துக்கொள்ள வேண்டியது.' 'என் வாரிசுகளும் இதற்குக் கட்டுப்பட்டவர்கள்.' 'சூரிய சந்திரர் உள்ளவரை.' கடைசியில் சொத்து விவரம், நான்கு எல்லை. நான் கீபோர்டை விட்டுக் கையை எடுத்துவிட்டேன்.

"இன்னா பாப்பா சிரிக்கிற? ரகசியம் ரகசியம்னுக்கினு கீறாரு. எதுலேர்ந்து எதுவரைக்கும்னு ஒரு எல்லை வேணாமா? நாளைக்குப் பக்கத்துக்காரன் இது என் ரகசியம்னு வந்து நின்னா?"

சார் அதை வாங்கி மூன்று தடவை படித்தார். கிழிக்கப் போகிறார் என்று நினைத்தேன். "இவ்ளோ சரியா எந்த வக்கீலும் எழுதித் தரல" என்றார். அன்றிலிருந்து அவருடைய எல்லா ஒப்பந்தத்திலும் நான்கு எல்லை உண்டு. கிழக்கே கம்பெனியின் சர்வர், மேற்கே வாடிக்கையாளர் பட்டியல், வடக்கே ஊழியர்களின் பாஸ்வேர்டு, தெற்கே அறிக்கை ஒப்படைக்கும் நாள். சென்னை கம்பெனிக்காரர்கள் இதை வாங்கி என்ன நினைத்தார்களோ தெரியாது. கையெழுத்து மட்டும் ஒழுங்காக வந்துவிடும்.

அவருடைய வாய் வேலை நேரத்தில் மட்டும் மூடியிருந்தால் பரவாயில்லை. ஒரு தடவை சின்னசேலத்திலிருந்து மாப்பிள்ளை விசாரிக்க ஒரு குடும்பம் வந்தது. அவருடைய எதிர்வீட்டுப் பையன்தான் மாப்பிள்ளை. தெருவில் நாலு பேரைக் கேட்டுவிட்டு இவரிடமும் பையன் எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். இவர் கொஞ்ச நேரம் நின்று, "அதப் பத்தி நான் ஒண்ணும் சொல்றதுக்கு இல்லிங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். தங்கமான பையன், ஒரு பீடி கிடையாது. பெண் வீட்டார் அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். பையனின் அம்மா எங்கள் கடைக்கே தேடி வந்து அவரை வாங்கு வாங்கென்று வாங்கினார். இவர் பையை மடியில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"ஒரு பையன நல்லவன்னு சொல்லிட்டன்னு வெச்சிக்கங்கம்மா. நாளைக்கு இன்னொருத்தன கேப்பாங்க. அன்னிக்கு நான் சும்மா இருந்தா, அவன் கெட்டவன்னு ஆயிடும். அதான் நான் எவனையும் சொல்றதில்ல."

அந்தம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "உன்ன யாரு கட்டிக்கினாங்களோ" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கல்யாணம் மூன்று மாதம் தள்ளி எப்படியோ நடந்தது. சாருக்கும் பத்திரிகை வைத்தார்கள். போனார். சாப்பாடு எப்படி இருந்தது என்று நான் கேட்டதற்குப் பதில் இல்லை.

அவரை எனக்குப் பிடிக்காமல் போன நாளும் ஒன்று உண்டு. ஊரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். பெயர் வேண்டாம். அம்மா அங்கேதான் டெஸ்ட் எடுத்திருந்தார், ரிப்போர்ட் ஃபோனுக்கு லிங்க்காக வந்திருந்தது. ஒரு வாரமாக சார் அந்த இடத்துக்குப் போய் வருவதை நானே பார்த்தேன். "அங்க ரிப்போர்ட்லாம் பத்திரமா கீதா சார்?" என்று கேட்டேன். "டீ ஆறுதும்மா" என்றார். பத்து நாள் கழித்து அந்த லிங்க் எல்லாம் செத்துப்போய், நேரில் வந்து புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று மெசேஜ் வந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அதுவரைக்கும் அம்மாவின் ரிப்போர்ட்டை எவன் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாமா? தெரிந்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லையா? கடையிலேயே நின்று கத்தினேன்.

"பொதுவா சொல்றேன்மா. எங்கயோ நடந்துச்சுன்னு சொல்லல. ஒரு வூட்ல தாழ்ப்பா ஒடைஞ்சிக்கிது. அத சரி பண்றதுக்கு முன்னாடி தெருவுல போய் சொன்னா, மொதல்ல வர்றவன் ஆசாரியா இருக்க மாட்டான்."

நான் மூன்று நாள் அவரோடு பேசவில்லை. அவருக்கு அது தெரிந்ததா என்பது சந்தேகம். அவர் வழக்கமாகப் பேசுவதே அவ்வளவுதான்.

அதற்கப்புறம்தான் என்னை வேலைக்குக் கேட்டார். அறிக்கைகளை ஒழுங்குபடுத்த, தேதி குறிக்க, கடிதம் அடிக்க ஓர் ஆள் வேண்டுமாம். மாமாவும் சரி என்றார். வேலைக்கு முன்னால் ஒப்பந்தம். பத்திர எழுத்தர் எழுத, என் ஒப்பந்தத்தை நானே டைப் அடித்தேன். அதில் என்னை மட்டும் கட்டிப்போடவில்லை, அவரையும் கட்டியிருந்தார். நான் அவரைப் பற்றிச் சொல்லக் கூடாது, அவர் என்னைப் பற்றிச் சொல்லக் கூடாது. நான் அவரிடம் வேலை பார்க்கிறேன் என்பதையே இரண்டு பேரும் சொல்லக் கூடாது. எவ்வளவு காலம்? சூரிய சந்திரர் உள்ளவரை. எனக்குச் சிரிப்பு வந்தது. போட்டுவிட்டேன் கையெழுத்தை. பாயும் எழுத்தரும் நியூஸ்பேப்பர் ஜன்னல் வழியாகச் சாட்சி போட்டார்கள்.

எட்டு மாதம் கழித்துச் சென்னையிலிருந்து ஓர் ஆஃபர் வந்தது. நிஜமான கம்பெனி, நிஜமான ஐ.டி. கார்டு. இரண்டு வருஷ அலைச்சலுக்கு வந்த முதல் ஆஃபர். பொங்கலுக்குள் வேலை கிடைக்காவிட்டால் மாப்பிள்ளை பார்ப்போம் என்று வீட்டில் வேறு சொல்லியிருந்தார்கள். முன் அனுபவம் என்ற இடத்தில் சாரின் பெயரையும் நம்பரையும் எழுதிக் கொடுத்திருந்தேன். அது ஒப்பந்தத்துக்கு விரோதம் என்பது மண்டையில் உறைக்கவே இல்லை. எல்லோரும் அப்படித்தானே எழுதுகிறார்கள்.

வியாழக்கிழமை மெயில் வந்தது. நீங்கள் குறிப்பிட்ட நபர், அப்படி ஒருவர் தன்னிடம் வேலை செய்தார் என்றோ செய்யவில்லை என்றோ சொல்ல மறுத்துவிட்டார். வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் அவர் உறுதிசெய்யாவிட்டால் ஆஃபர் ரத்து.

அவர் நம்பருக்கு அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. அவர் கல்வராயன் மலைக்குப் போயிருந்தார். வெள்ளிமலைப் பக்கம் தேனும் சாமையும் ஆன்லைனில் விற்கிற ஒரு பெண்கள் குழு, அவர்களுடைய வலைத்தளத்தைப் பார்த்துத் தரச் சொல்லியிருந்தார்கள். அந்த ஒப்பந்தத்தையும் போன வாரம் அடித்தது நான்தான். மலைக்கு மேலே சிக்னல் அங்கங்கே திட்டுத்திட்டாகத்தான் கிடைக்கும்.

நான் அழுதேன் என்று மாமா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இல்லை. கண்ணில் தூசு. பத்திர எழுத்தர் மெயிலை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"இதுக்கா பாப்பா மூஞ்சிய தூக்கிக்கினு கீற? கட்டிப்போட்டது பத்திரம்னா, அவுத்து வுடறதும் பத்திரம்தான். விடுதலைப் பத்திரம் போட்டுடலாம். அடி, சொல்றேன்."

அண்ணன் தம்பி சொத்தில் பங்கை விட்டுக்கொடுக்கும்போது எழுதுவது விடுதலைப் பத்திரம். அதே அச்சு. 'மேற்படி ரகசியத்தில் கீழ்க்கண்ட அளவுக்கு நம் இருவருக்கும் இனி யாதொரு பந்தமும் பாத்தியமும் இல்லை.' கீழ்க்கண்ட அளவு என்பது நான் வேலை பார்த்தேன் என்ற உண்மையும், வேலை பார்த்த தேதிகளும். அவசரத்தில் அவ்வளவுதான் எழுதினோம்.

வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் பத்திரம் இருந்த ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, மடியில் ஒரு கோழியை அதே மாதிரி அணைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டோம்.

தேன் குழுவின் கொட்டகையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு சார் உட்கார்ந்திருந்தார். அங்கே அவருக்கு ஏக மரியாதை. காரணத்தைக் குழுத் தலைவி அக்கா சொன்னார். முதல் நாள் அவர் ஒப்பந்தத்தை உரக்கப் படித்துக் காட்டியபோது, ரகசியம் காப்பதற்கு ஒரு பேப்பரா என்று எல்லோரும் சிரித்தார்களாம். அப்புறம், தேன் கூடு எந்தப் பாறையில் இருக்கிறது என்று கீழே இருந்து வருகிறவர்களிடம் தாங்களும் சொல்வதில்லையே என்று ஒருத்தி சொல்ல, சிரிப்பு நின்று போய், எல்லோரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்களாம். ஊரில் அவரைக் கிண்டல் செய்யாத ஒரே கூட்டம் அதுதான்.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"நான் இங்க கீறேன்னு உனக்கு யாரும்மா சொன்னா?"

"நான்தான சார் டைப் அடிச்சேன்."

"அப்ப மீறிட்ட. தொழில்ல தெரிஞ்சத சொந்த வேலைக்கு எடுத்துக்கக் கூடாது. ஆறாவது பாரா."

மலை ஏறி வந்து, வயிறு காலியாக, மணி பன்னிரண்டு ஆகிறது. இந்த மனிதர் எனக்கு ஆறாவது பாரா சொல்கிறார்.

"நான் ஒருத்தி இருக்கேனா இல்லியான்னே சொல்லலியாமே சார் அவங்ககிட்ட? அப்ப எட்டு மாசமா உங்க கடுதாசிலாம் பேயா அடிச்சுது?"

"இருக்கான்னு சொன்னா இன்னா வேலைன்னு கேப்பாங்க. வேலைய சொன்னா யாருக்குன்னு கேப்பாங்க. மொதக் கேள்வியிலியே நின்னுட்டா கஷ்டம் இல்ல" என்றார் பொறுமையாக. அப்புறம் குரல் கொஞ்சம் இறங்கியது. "நீயே அடிச்ச ஒப்பந்தம்மா. நான் எப்டி மீறுவேன்?"

ஃபைலை நீட்டினேன். பத்திரத்தை முதல் வரியிலிருந்து படித்தார். நான்கு எல்லையையும் விரல் வைத்துப் படித்தார். மணி ஒன்றே கால். தலைவி அக்கா எனக்குச் சாமைச் சோறு போட்டு, "அவரு அப்டித்தான். தேன் பாட்டில் மூடில எழுதியிருக்கறதகூட அரை நாள் படிச்சாரு" என்றார். படித்து முடித்ததும் சார் பேனாவை எடுத்து, ஓரத்தில் கையால் ஒரு வரி சேர்த்தார். ஆறாவது பாராவை மீறியது இந்த ஒரு தடவை மன்னிக்கப்பட்டது. அதற்குக் கீழே நாங்கள் இருவரும் கையெழுத்துப் போட்டோம். தலைவி அக்காவும் இன்னொரு பெண்ணும் சாட்சி. நியூஸ்பேப்பர் இல்லை. ஒரு தேக்கிலையால் மூடிக்கொண்டார்.

சிக்னல் கிடைக்கிற இடம், பஸ் ரோட்டில் ஒரு வளைவு. அங்கேயும் ஃபோனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தால்தான் கோடு வரும். அதனால் ஸ்பீக்கரில் போட வேண்டியதாயிற்று. வாழ்நாளில் முதல்முறையாக அவர் ஸ்பீக்கரில் பேசினார் என்று நினைக்கிறேன். ஒரு கையில் உயரத் தூக்கிய ஃபோன், மறு கையில் பத்திரம். என்னைப் பார்த்து, "அந்தப் பலாமரத்தப் பாரும்மா" என்றார். காலண்டர் இல்லாத ஊரில் பலாமரம். பார்த்தேன்.

ஒரு பெண் பேசினார். இன்னார் உங்களிடம் வேலை செய்தாரா? பத்திரத்தைப் பார்த்துவிட்டு, ஆமாம் என்றார். எந்தத் தேதியிலிருந்து எதுவரை? பத்திரத்தைப் பார்த்துச் சொன்னார். எனக்கு உயிர் வந்தது. அப்போது அந்தப் பெண் மூன்றாவதாக ஒன்று கேட்டார். இவரை மறுபடியும் வேலைக்கு எடுப்பீர்களா, இவரை நம்பலாமா?

பத்திரத்தில் அது இல்லை. நாங்கள் எழுதவே இல்லை. பேப்பர் திரும்புகிற சத்தம் கேட்டது. முன்பக்கம், பின்பக்கம், மறுபடி முன்பக்கம். அந்தப் பெண் ஹலோ ஹலோ என்கிறார். பலாமரத்தில் பதினோரு பிஞ்சு இருந்தது. ஒவ்வொன்றாக எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். எவனையும் சொல்றதில்ல என்று எதிர்வீட்டு அம்மாவிடம் சொன்ன மனிதர் இவர். முடிந்தது, சின்னசேலத்துக்காரர்கள் மாதிரி அடுத்த பஸ்ஸில் இறங்க வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

அவர் பேப்பரை மடிக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு வரி சொன்னார். ஒரே வரி. பத்திரத்தில் இல்லாத வரி. அந்தப் பெண் சிரித்து, தேங்க் யூ சார் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நான் திரும்பியபோது அவர் பத்திரத்தைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். "கேட்டுதா?" என்றார். இல்லை என்று சொன்னேன். சரி என்று கொட்டகையைப் பார்த்து நடந்தார்.

அடுத்த வாரம் சென்னையில் சேர்ந்தேன். முதல் நாளே பதினாலு பக்க ரகசிய ஒப்பந்தம் ஒன்றை நீட்டினார்கள். என்னோடு சேர்ந்தவர்கள் எல்லோரும் கடைசிப் பக்கத்துக்குப் போய்க் கிறுக்கிவிட்டு கேன்டீனுக்குப் போய்விட்டார்கள். நான் முதல் பக்கத்திலிருந்து படித்தேன். எல்லை போட்டிருக்கவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் முறைப்படி அவருக்கு அனுப்பினேன். கிண்டலை எல்லாம் அடித்துத் தள்ளிவிடுவார் என்று பயந்தேன். பிரின்ட் எடுத்து, படித்து, ஸ்கேன் செய்து திருப்பி அனுப்பியிருந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து. நியூஸ்பேப்பர், தேக்கிலை, டீ, எதிலும் கை வைக்கவில்லை. ஒரே ஒரு வரியை மட்டும் கறுப்பு மையால், திரையில் எவ்வளவு பெரிதாக்கினாலும் தெரியாத அளவுக்கு அடித்திருந்தார். மூன்றாவது கேள்விக்கு அவர் சொன்ன பதில். ஓரத்தில் குறிப்பு: 'கேக்கலன்னு சொன்ன.'

அதனால் அந்த வரியை உங்களிடம் சொல்ல முடியாது. ஆனால் அது என்னிடம்தான் இருக்கிறது. வடக்கே ஒரு பலாமரம், தெற்கே தேன் குழுவின் கொட்டகை, கிழக்கே பஸ் போகிற ரோடு, மேற்கே சிக்னல் இல்லாத மலை. இந்த நான்கு எல்லைக்கு உட்பட்டது. நானே சர்வ சுதந்திரமாய் அனுபவித்து வருகிறேன்.